ஒரு கைப்பிடி முளைகட்டிய வெந்தயம்... பறிபோன 50 உயிர்கள்! பச்சையாகச் சாப்பிடும் காய்கறிகளில் எங்கே இருக்கிறது ஆபத்து?

2011-ம் ஆண்டு, மே மாதம். ஜெர்மனியின் வடக்குப் பகுதியில், ஹம்பர்க் நகரத்தைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளுக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதலில் பத்து, இருபது பேர். சில நாள்களில் அது நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. பலருக்கு வயிற்றுப்போக்கோடு நிற்கவில்லை, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனது. இந்த வகைக் கிருமி வழக்கமாகக் குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும். இந்த முறை பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் பெரியவர்கள். அதிலும் பெண்கள் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்பவர்கள், காய்கறி நிறைய சாப்பிடுபவர்கள்.

ஆய்வகத்தில் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஈ.கோலை பாக்டீரியாவில் ஓ104:எச்4 என்ற அரிய வகை. ஆனால், அது எந்த உணவில் வந்தது என்பதுதான் தெரியவில்லை. நோயாளிகளிடம் கேட்டால் தக்காளி, வெள்ளரிக்காய், லெட்டூஸ் கீரை என்றார்கள். மூன்றையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று மே 25 அன்று எச்சரிக்கை வந்தது. அடுத்த நாளே, ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். அவ்வளவுதான். ஐரோப்பா முழுக்க ஸ்பெயின் வெள்ளரிக்காயைத் தொட ஆளில்லை. விளைந்த காயை விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் குப்பையில் கொட்டினார்கள். வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று அந்த நாட்டு ஏற்றுமதியாளர்கள் கதறினார்கள். சில நாள்கள் கழித்து, அந்த வெள்ளரிக்காயில் இருந்தது வேறு வகைக் கிருமி என்று முடிவு வந்தது. பாவம், சம்பந்தமே இல்லாதவர்கள் தலையில் விழுந்த இடி அது.

பிறகு எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? நோயாளிகளின் ஞாபகத்தை நம்பாமல், ஒரு ரெஸ்டாரன்ட்டின் சமையல்காரர்களைக் கேட்டார்கள். எந்த டிஷ்ஷில் என்னென்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள், எது பச்சையாகப் போனது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். அங்கே சாப்பிட்டவர்கள் எதை ஆர்டர் செய்தார்கள் என்பதோடு அதைப் பொருத்திப் பார்த்தபோது விடை கிடைத்தது. முளைகட்டிய தானியம் தூவப்பட்ட உணவைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் நோய் வந்திருந்தது. தட்டின் ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்த ஒரு சிட்டிகை முளைப்பயறு! அதைச் சாப்பிட்டோம் என்பதே பலருக்கு நினைவில் இல்லை.

அந்த முளைகள் லோயர் சாக்சனி மாநிலத்தில் பீனன்பியூட்டல் என்ற சிறிய ஊரிலிருந்த ஒரு இயற்கைப் பண்ணையிலிருந்து வந்தவை. அடுத்த சில நாள்களில் பிரான்ஸில், போர்தோ நகருக்குப் பக்கத்தில் அதே நோய். அங்கே சாப்பிட்ட முளைகளுக்கும் ஜெர்மன் பண்ணைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடையில் விதை வாங்கி அங்கேயே முளைகட்டியிருந்தார்கள். ஆக, பிரச்னை பண்ணையில் இல்லை, விதையில். இரண்டு இடங்களின் பில்களையும் ஏற்றுமதி ஆவணங்களையும் பின்தொடர்ந்து போனபோது, எகிப்திலிருந்து வந்த ஒரே சரக்கில் இரண்டு கோடுகளும் சந்தித்தன. அது, 2009 டிசம்பரில் கப்பலில் வந்திறங்கிய வெந்தயம்.

நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம்தான். நோய் அடங்கியபோது, பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். 800-க்கும் மேற்பட்டோருக்கு சிறுநீரகப் பாதிப்பு. இறந்தவர்கள் 50-க்கும் மேல்.

முளைகட்டினால் என்ன ஆகிறது?

காய்ந்த வெந்தயத்தில் ஒன்றிரண்டு கிருமிகள் ஒட்டியிருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரம் இல்லாததால் அவை பெருகாமல் உறக்கத்தில் கிடக்கும். மாதக்கணக்கில்கூட அப்படியே இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, கதகதப்பான மூலையில் வைக்கிறோம். விதை முளைக்க என்னென்ன வேண்டுமோ, அத்தனையும் கிருமி பெருகவும் வேண்டும். சாதகமான சூழலில் பாக்டீரியா சுமார் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று போய் எட்டு மணி நேரத்தில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டும். சென்னை வெயிலில், துணிக்குள் இரண்டு நாள் என்றால் சொல்லவே வேண்டாம்.

'நான் வீட்டிலேயே சுத்தமாக முளைகட்டுகிறேனே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கிருமி உங்கள் கையிலிருந்து வரவில்லை. விதையின் தோலில் உள்ள நுண்ணிய விரிசல்களுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. கழுவினால் அங்கே தண்ணீர் போகாது. யோசித்துப் பார்த்தால், மளிகைக்கடை வெந்தயமோ பச்சைப்பயறோ பச்சையாகச் சாப்பிடுவதற்காகத் தயாரிக்கப்பட்டதே இல்லை. களத்தில் காய்ந்து, சில ஊர்களில் தார்ச்சாலையிலேயே காய்ந்து, எலி ஓடும் கிடங்கில் கிடந்து, சாக்கில் ஏறி வருவது. எப்படியும் வேகவைத்துத்தானே சாப்பிடப் போகிறார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம் அது.

அதற்காக முளைகட்டிய பயறைத் தூக்கிப்போட வேண்டாம். ஆவியில் வேகவைத்தோ, கடுகு தாளித்து நன்றாகச் சூடேற வதக்கியோ சாப்பிடுங்கள். கொஞ்சம் வைட்டமின் சி குறையும், புரதமும் நார்ச்சத்தும் அப்படியே இருக்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோர் எந்த முளைப்பயறையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்கிறது. நம்மூரில் அதை யாருக்குக் கொடுக்கிறோம்? சரியாக அவர்களுக்குத்தான். 'சத்து' என்று சொல்லி, ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைக்கும் மாசமாக இருக்கும் மருமகளுக்கும்!

இன்னொன்று... விதைப்பதற்கென்று விற்கும் விதைகளை ஒருபோதும் முளைகட்டிச் சாப்பிடாதீர்கள். அவற்றில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும்.

கல் வைத்த மாம்பழத்துக்குப் பயப்படுகிறோம்... கழுவிய தண்ணீருக்கு?

காய்கறி, பழம் என்றாலே நமக்கு வரும் பயம் ரசாயனம்தான். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம், பூச்சிமருந்து அடித்த கத்திரிக்காய். அந்தப் பயம் தப்பில்லை. கார்பைடால் பழுக்கவைப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்ட ஒன்று. ஆனால், சாப்பிட்ட இரண்டு மூன்று நாள்களில் ஆளைப் படுக்கவைப்பது பெரும்பாலும் கிருமிதான். அது வரும் வழிகள் சாதாரணமானவை. தண்ணீர், எரு, கை.

முதலில் தண்ணீர். ஊருக்கு ஊர் ஏரியிலும் வாய்க்காலிலும் கழிவுநீர் கலப்பது நமக்குத் தெரியாத விஷயமல்ல. அந்தத் தண்ணீரை நெல்லுக்கோ தென்னைக்கோ விடுவது வேறு, தரையோடு தரையாக வளர்ந்து, பச்சையாகவும் சாப்பிடப்படும் கொத்தமல்லிக்கு விடுவது வேறு. தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்பதும் முக்கியம். சொட்டுநீரில் வேர் மட்டும் நனையும். தெளிப்புநீரில் நாம் சாப்பிடும் இலையே நனைகிறது. அதே கிணறு, அதே கீரை, ஆனால் ஆபத்தின் அளவு வேறு.

அறுவடைக்குப் பிறகான தண்ணீர் இன்னும் முக்கியம் என்பேன். மண் ஒட்டிய முள்ளங்கியைவிட 'பளிச்'சென்று கழுவி வந்த முள்ளங்கிக்குத்தான் சந்தையில் மதிப்பு. அதனால் எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே கழுவுகிறார்கள். ஒரே தொட்டித் தண்ணீரில் நூறு கட்டு கீரையை முக்கி எடுத்தால், முதல் கட்டில் இருந்த அழுக்கு நூறாவது கட்டுக்கும் போய்ச் சேரும். கழுவுவதாக நினைத்துக் கிருமியைப் பங்கிட்டுக் கொடுக்கிறோம். கடையில் கீரை வாடாமல் இருக்க, பக்கத்தில் ஒரு வாளி வைத்துத் தெளிக்கிறார்களே... அந்த வாளித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

அடுத்தது எரு. மாட்டுச்சாணம் மண்ணுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால், ஓ104-க்கு உறவான பல ஈ.கோலை வகைகள் குடியிருப்பது மாட்டின் குடலில்தான். 2006-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் விளைந்த பசலைக்கீரையால் சுமார் 200 பேருக்கு நோய் வந்து, 3 பேர் இறந்தார்கள். அதே கிருமி வயலுக்கு அருகிலிருந்த மாடுகளின் சாணத்திலும், அங்கே திரிந்த காட்டுப்பன்றிகளிடமும் கிடைத்தது. அதனால்தான், பச்சை எரு போட்டால் அறுவடைக்கு முன் குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்க இயற்கை விவசாய விதிகள் சொல்கின்றன. மண்ணைத் தொடாமல் விளையும் காய் என்றால் 90 நாள். ஆனால், நம் அரைக்கீரையும் சிறுகீரையும் விதைத்து ஒரு மாதத்திலேயே கட்டு கட்டி விற்பனைக்கு வந்துவிடும்! ஆகவே, கீரைக்குப் போடுவது நன்றாக மக்கிய எருவாக இருந்தே ஆக வேண்டும். குவியல் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி, புரட்டிப் புரட்டிப் போட்டு, அந்தச் சூட்டிலேயே இரண்டு வாரம் கிடந்தால் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். ஓரத்தில் கொட்டிவைத்து வெறுமனே காய்ந்த சாணம் மக்கிய எரு ஆகாது.

மாடித்தோட்டம் வைத்திருக்கும் தோழிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் இரண்டிலும் இருப்பது சாணமும் கோமியமும். அவை நுரைத்துப் புளிக்கின்றனவே தவிர, சூடேறுவதில்லை. அவரைக்கும் வெண்டைக்கும் தெளித்தால் அடுப்பில் வெந்துவிடும், கவலை இல்லை. புதினா, கொத்தமல்லி, சாலட் கீரைக்கு மட்டும் இலையில் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள். பறிப்பதற்கு முந்தைய வாரங்களில் அதையும் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, கை. இதைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. கீரை பறிப்பது, கட்டுவது, தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். விடியற்காலையில் வயலுக்கு வந்தால் மதியம் வரை அங்கேதான். பெரும்பாலான வயல்களில் கழிப்பறை கிடையாது, கை கழுவ சோப்பும் கிடையாது. அவர்களுக்கு அது அன்றாட அவமானம். நம் தட்டுக்கு அது டைபாய்டும் மஞ்சள்காமாலையும். அமெரிக்காவின் காய்கறிப் பாதுகாப்பு விதிகள் வேலையாள்களுக்குக் கழிப்பறையும் கைகழுவும் வசதியும் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கின்றன. இங்கே நிலைமை வேறு. நம் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-ன் 18-வது பிரிவு, விவசாயிக்கும் விவசாய வேலைகளுக்கும் பண்ணை அளவிலுள்ள விளைபொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. சிறு விவசாயியை அதிகாரிகளின் கெடுபிடியிலிருந்து காப்பாற்றும் நோக்கம் அதில் இருக்கலாம், அது தேவையும்கூட. ஆனால், அதன் விளைவாகச் சட்டம் வரப்புக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. 'நல்ல வேளாண் நடைமுறைகள்' என்று இந்தியத் தரக் கவுன்சில் சான்றிதழ் ஒன்றைத் தருகிறது. விருப்பப்பட்டவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் இந்திய திராட்சை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதைக் கண்டுபிடிக்க, 'அபீடா' நிறுவனத்தின் இணையப் பதிவு முறை இருக்கிறது. கோயம்பேட்டிலிருந்து நம் தெருவுக்கு வந்த கீரைக்கட்டுக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட கிடையாது. ஜெர்மனியில் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தது ஆய்வகம் அல்ல, பில்கள். சந்தேகப்பட்ட அந்த விதையில் கிருமியை நேரடியாகப் பிடிக்கவே முடியவில்லை. நம் தெருவில் பத்து வீட்டில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால், எந்த வயல் என்று யார், எதை வைத்துத் தேடுவார்கள்?

முட்டைக்கோஸ் புழு மூளைக்குப் போகுமா?

வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கொரு முறை வரும் வீடியோ இது. முட்டைக்கோஸில் நெளியும் பச்சைப்புழு மூளைக்குள் போய்விடும் என்று பின்னணி இசையோடு பயமுறுத்துவார்கள். அந்தப் பச்சைப்புழு வண்ணத்துப்பூச்சி அல்லது அந்துப்பூச்சியின் குழந்தை. அருவருப்பாக இருக்கலாமே தவிர, மனித உடம்புக்குள் அது வாழாது.

ஆனால், வதந்தியின் பின்னால் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. மூளைக்குப் போவது கண்ணுக்கே தெரியாத நாடாப்புழு முட்டை. சரியாக வேகாத பன்றிக்கறி மூலம் ஒருவர் குடலில் நாடாப்புழு வளர்ந்தால், அவர் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். அந்த மலம் கலந்த தண்ணீரோ, கழுவாத கையோ பட்ட காய்கறியைப் பச்சையாகச் சாப்பிட்டால், முட்டையிலிருந்து வரும் இளம்புழு ரத்தத்தில் கலந்து மூளையில் போய்த் தங்கும். வலிப்பு வரும். வாழ்நாளில் பன்றிக்கறியைத் தொடாத சைவர்களுக்கும் இது வருவதற்குக் காரணம் இதுதான். இந்த நோய் பரவலாக உள்ள பகுதிகளில், வலிப்பு நோயாளிகளில் 30 சதவிகிதம் வரை இதனால் பாதிக்கப்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முட்டைக்கோஸ் மேல் மட்டும் பழி போடுவதில் அர்த்தமில்லை. கேரட், முள்ளங்கி, கொத்தமல்லி என எதன் மேலும் அது ஒட்டியிருக்கலாம். நன்றாக வேகவைத்தால் முட்டைகள் செத்துவிடும். அந்த வகையில் கூட்டும் பொரியலும் சாம்பாரும் நமக்குப் பெரிய பாதுகாப்பு. வேகவைக்காமல் சாப்பிடுவது கூடக்கூடத்தான் அந்தப் பாதுகாப்பு குறைகிறது. சாலட், ஸ்மூத்தி, கீரை ஜூஸ், சாண்ட்விச் என்று நம் வீடுகளில் அது கூடிக்கொண்டேதான் போகிறது.

தோலைச் சாப்பிடப் போவதில்லையே!

2011-லேயே, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு பண்ணையின் முலாம்பழம் 28 மாநிலங்களில் 147 பேரைப் படுக்கவைத்தது. 33 பேர் இறந்தார்கள். கிருமியின் பெயர் லிஸ்டீரியா. ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடியது. அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது, பழங்களைக் கழுவிப் பேக் செய்யும் கொட்டகையின் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. பயன்படுத்தியதோ உருளைக்கிழங்கு கழுவிய பழைய இயந்திரம். அதன் இடுக்குகளைச் சுத்தம் செய்யவே முடியாது. வயலில் ஒரு தப்பும் நடக்காவிட்டாலும், பேக்கிங் கொட்டகை போதும் என்று காட்டிய சம்பவம் அது.

பழத்தின் உள்ளே இருப்பது சுத்தம்தான். தோலில் இருப்பதைக் கத்தி உள்ளே கொண்டுபோகிறது. நம்மில் பலர் தர்பூசணியைக் கழுவாமல் வெட்டுகிறோம். தோலைச் சாப்பிடப் போவதில்லையே! லாரித் தரையில் உருண்டு, ரோட்டோரத்தில் குவிந்து கிடந்த பழம் அது. வெட்டுவதற்கு முன் ஓடும் தண்ணீரில் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். வெட்டிய பழம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். தள்ளுவண்டியில் வாங்கினால், ஏற்கெனவே வெட்டி அடுக்கிய துண்டை வாங்காமல் கண்ணெதிரில் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

கழுவுவதில் என்ன கிடைக்கும்?

கழுவினால் மேலே உள்ள கிருமிகளில் நூற்றுக்கு 90 முதல் 99 வரை போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்து லட்சம் இருந்தால் பத்தாயிரமாவது மிஞ்சும் என்பதும் அதே கணக்குதான். அதனால் கழுவுவது கட்டாயம், ஆனால் அது மந்திரம் இல்லை.

சோப்பு, டிடர்ஜென்ட், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். காய்கறி அதை உறிஞ்சிக்கொள்ளும். கொரோனா காலத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் இதைத்தான் சொன்னது. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் பூச்சி, புழு வெளியே வரும். காலிஃபிளவருக்கு அது போதும். கிருமியையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். கீரையை வேரை நறுக்கிவிட்டு, அகலமான பாத்திரத்தில் நிறைய தண்ணீரில் அலசி, கீரையைக் கையால் மேலே அள்ளி எடுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால், அடியில் படிந்த மண் திரும்பவும் கீரைமேல்தான் விழும். தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை. வெயிலில் சூடாக வந்த தக்காளி, மாம்பழத்தை உடனே ஜில் தண்ணீரில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்போது, காம்பு இருந்த துளை வழியாக வெளித்தண்ணீரை அது உறிஞ்சும். தண்ணீரில் கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும், பிறகு எவ்வளவு கழுவினாலும் வராது. வாங்கியதும் எல்லாவற்றையும் கழுவி ஃபிரிட்ஜில் அடுக்குவது சிலருக்குப் பழக்கம். ஈரத்தோடு வைத்தால் சீக்கிரம் அழுகும். எடுக்கும்போது கழுவினால் போதும்.

சிக்கன் நறுக்கிய பலகையிலேயே வெங்காயப் பச்சடிக்கு நறுக்குவது, இதுவரை சொன்ன அத்தனையையும் வீணடிக்கும். பச்சையாகச் சாப்பிடுபவற்றுக்கென்று தனியாக ஒரு பலகை, ஒரு கத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கொத்தமல்லி. ரசத்தைக் கொதிக்கவைக்கிறோம், குருமாவைக் கொதிக்கவைக்கிறோம், பிறகு அடுப்பை அணைத்து இறக்கி, ஆறிக்கொண்டிருக்கும்போது மேலே பச்சைத் தழையைக் கிள்ளித் தூவுகிறோம். வேகாமல் தட்டுக்கு வரும் ஒரே பொருள் அதுதான். ரசம் நுரைகட்டி மேலே எழும்பும்போதே தழையைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் மூடி வைத்துவிடலாம். வாசம் எங்கேயும் போகாது.